அப்பாயியும் எஃப்/1.8-ம்: பின்னணியை எவ்வளவு மங்க வைக்கலாம்?



இந்த வார எபிசோட்ல, ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவுக்கு முதல் பிரைம் லென்ஸ் எது வாங்கலாம்னு பேசினோம். நடுவுல கொஞ்சம் கணக்கு வந்துச்சு. கணக்கைக் காதால கேட்டா மண்டையில ஏறாது, பக்கத்துல ஒரு பேப்பர் வேணும். அதனால அந்தப் பகுதியை மட்டும் இங்க எழுத்துல, பொறுமையா பார்ப்போம். பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும்.

முதல்ல ஒரு சொந்தக் கதை.

போன வசந்த காலத்துல எங்க அப்பாயி, அதாவது அப்பாவோட அம்மா, முசிறியில இருந்து ஃபிரிஸ்கோ வந்திருந்தாங்க. முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு. இவ்வளவு நேரம் விமானத்துல உட்கார்றது இதுதான் கடைசின்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, "ஊர்ல எல்லாருக்கும் காட்டணும், நல்லதா நாலு படம் எடுத்துக் குடுடா தம்பி"ன்னு கேட்டாங்க.

நான் அப்பத்தான் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கியிருந்தேன். விடுவேனா? பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குற எங்க வாசக்கதவுக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுத்தேன். கார்ய சித்தி அனுமன் கோவில் வாசல்ல எடுத்தேன். சாலையோரம் பூத்துக் கிடந்த புளூபானெட் பூக்களுக்கு நடுவுல உட்கார வெச்சு எடுத்தேன். 1901-லேர்ந்து அதுதானே டெக்சஸோட மாநிலப் பூ, அதை ஊர்ல காட்டாம இருக்க முடியுமா? எல்லாப் படமும் எஃப்/1.8.

லேப்டாப்புல போட்டுப் பார்த்தப்போ எனக்கு ஒரே பெருமை. பின்னணி அப்படியே கரைஞ்சு போயிருந்துச்சு. அப்பாயி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு படமா பார்த்தாங்க. கடைசியில கேட்டாங்க: "நான் நல்லாத்தான் இருக்கேன். வீடு எங்கடா? பூ எங்க? இதை முசிறி ஸ்டூடியோவுலயே எடுத்திருக்கலாமே, இம்புட்டு தூரம் எதுக்கு வந்தேன்?"

எனக்குப் பதில் வரல. கதவு ஒரு பழுப்புப் பட்டை. பூவெல்லாம் நீலப் புடவையைக் காயப்போட்ட மாதிரி ஒரு திட்டு. இன்னும் பெரிசாக்கிப் பார்த்தா, முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருந்த படங்கள்ல ஒரு கண்ணுதான் தெளிவு, இன்னொண்ணு மங்கல். நல்லவேளை, கையில ஒரு வாரம் இருந்துச்சு. அந்த ஒரு வாரத்துல நான் உட்கார்ந்து படிச்சதுதான் இந்தப் பாடம்.

1. எல்லாமே ஒரு ஓட்டையில இருக்கு

பிரைம் லென்ஸ்னா ஜூம் ஆகாதது, ஒரே ஒரு குவியத்தூரம். அதோட எஃப் எண்ணு எதைச் சொல்லுது? குவியத்தூரத்தை எஃப் எண்ணால வகுத்தா, லென்ஸோட ஓட்டை எவ்வளவு அகலம்னு வந்துடும். எஃப்/1.8-ல மூணு லென்ஸைப் பாருங்க:

- 35 மி.மீ.: 35 ÷ 1.8 = சுமார் 19 மி.மீ. ஓட்டை
- 50 மி.மீ.: 50 ÷ 1.8 = சுமார் 28 மி.மீ.
- 85 மி.மீ.: 85 ÷ 1.8 = சுமார் 47 மி.மீ.

உங்க போன்ல இருக்கிற மெயின் கேமராவோட உண்மையான குவியத்தூரம் சுமார் 7 மி.மீ. அங்கேயும் எஃப்/1.8-னு போட்டிருப்பாங்க, ஆனா ஓட்டை 4 மி.மீ. தான். அதனாலதான் போன் போர்ட்ரெயிட் மோட்ல மென்பொருள் வெச்சு மங்கலை வரையுது. தலையில வெச்ச மல்லிகைச் சரத்துல பாதி பூவைப் பின்னணின்னு நினைச்சு அழிச்சுடறதும் அதனாலதான்.

ஓட்டைக்கும் மங்கலுக்கும் என்ன சம்பந்தம்? பின்னாடி இருக்கிற ஒரு புள்ளியில இருந்து வர்ற வெளிச்சம், ஓட்டை முழுக்க நிறைஞ்சு கூம்பு மாதிரி உள்ள வருது. நீங்க அந்தப் புள்ளிக்கு ஃபோகஸ் பண்ணியிருந்தா கூம்பு சென்சார்ல ஒரே புள்ளியா முடியும். முகத்துக்கு ஃபோகஸ் பண்ணியிருந்தா அது புள்ளியா முடியாம வட்டமா விழும். ஓட்டை பெரிசுன்னா கூம்பு தடிமன், வட்டமும் பெரிசு. அவ்வளவுதான் விஷயம்.

இப்ப ஒரே ஒரு சூத்திரம்:

அழியும் அளவு = ஓட்டை × (முகத்துக்குப் பின்னாடி தூரம் ÷ கேமராவுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம்)

இதுல வர்ற விடை, பின்னணிப் பொருளோட சொந்த அளவுல வரும். விடை 7 செ.மீ.ன்னா, பின்னணியில இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் அங்கே 7 செ.மீ. அகல வட்டமா பரவுதுன்னு அர்த்தம். அதைவிடச் சின்ன விவரம் எதுவும் தப்பிக்காது.

2. 85 நிஜமாவே அதிகமா மங்க வைக்குதா?

இதுதான் என்னைத் தூக்கிப் போட்ட இடம். அப்பாயியோட தலையில இருந்து இடுப்புக்குக் கொஞ்சம் மேல வரை, அதாவது உயரத்துல சுமார் 85 செ.மீ., ஃபிரேமுக்குள்ள வரணும். கேமரா செங்குத்தா இருக்கு. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ. இந்த அளவு வரணும்னா 85-க்கு 2 மீட்டர் தள்ளி நிக்கணும், 50-க்கு 1.2 மீட்டர், 35-க்கு 85 செ.மீ. கதவு அப்பாயிக்கு 3 மீட்டர் பின்னாடி. சூத்திரத்துல போடுங்க:

- 85: 47 × (3 ÷ 2) = சுமார் 70 மி.மீ.
- 50: 28 × (3 ÷ 1.2) = சுமார் 70 மி.மீ.
- 35: 19.4 × (3 ÷ 0.85) = சுமார் 68 மி.மீ.

பார்த்தீங்களா? மூணுமே கிட்டத்தட்ட 7 செ.மீ.! முகம் ஒரே அளவுல வர்ற மாதிரி நின்னா, கதவுல அழியுற விவரம் மூணு லென்ஸுக்கும் ஒண்ணுதான்.

அப்ப 85-ல எடுத்த படம் ஏன் அதிகமா மங்கின மாதிரி தெரியுது? ஏன்னா அது பின்னணியில ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துப் பெரிசாக்கிக் காட்டுது. அந்தக் கதவு இருக்கிற இடத்துல, 85-க்கு 2.1 மீட்டர் உயரம்தான் ஃபிரேமுக்குள்ள வரும். 50-க்கு 3 மீட்டர். 35-க்கு சுமார் 4 மீட்டர். துண்டு பெரிசாகும்போது அந்த 7 செ.மீ. வட்டமும் சேர்ந்து பெரிசாகுது.

இந்தப் பாடத்துல ஒரு வரி மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க: பின்னணியில என்ன அழியும்ங்கிறதை எஃப் எண் முடிவு பண்ணுது. எவ்வளவு இடம் படத்துக்குள்ள வரும்ங்கிறதைக் குவியத்தூரம் முடிவு பண்ணுது. ரெண்டும் வேற வேற முடிவு. நான் ரெண்டையும் குழப்பிக்கிட்டதாலதான் வீடு காணாமப் போச்சு.

ஒரு எச்சரிக்கை. 35-ஐ வெச்சு 85 செ.மீ. தூரத்துல முகத்தை எடுத்தா மூக்கு பெரிசாவும் காது சின்னதாவும் தெரியும். லென்ஸ் மேல தப்பு இல்ல, நீங்க ரொம்பக் கிட்ட நிக்கிறீங்க. 35-னா ஒண்ணரை, ரெண்டு மீட்டர் தள்ளிப் போய், ஆளோட இடத்தையும் சேர்த்து எடுங்க.

3. ஆறு சென்டிமீட்டருக்குள்ள ஒரு முகம்

அடுத்தது அந்த மங்கின கண்ணு. ஃபோகஸ் பண்ண இடத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எவ்வளவு ஆழம் தெளிவா இருக்கும்னு பார்க்கணும். டெப்த் ஆஃப் ஃபீல்ட்னு சொல்றது இதைத்தான். மேல சொன்ன அதே ஃபிரேமுக்கு, இதுவும் மூணு லென்ஸுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். எஃப் எண்ணை மாத்தினா என்ன ஆகுதுன்னு 85-ஐ வெச்சுப் பாருங்க. முதல் எண் தெளிவா இருக்கிற ஆழம், ரெண்டாவது கதவுல அழியும் அளவு:

- எஃப்/1.2: சுமார் 4 செ.மீ., 10.5 செ.மீ.
- எஃப்/1.8: சுமார் 6 செ.மீ., 7 செ.மீ.
- எஃப்/2.8: சுமார் 9 செ.மீ., 4.5 செ.மீ.
- எஃப்/4: சுமார் 13 செ.மீ., 3 செ.மீ.
- எஃப்/5.6: சுமார் 18 செ.மீ., 2.3 செ.மீ.

நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சுமார் 6 செ.மீ. இடைவெளி. முகத்தை 45 டிகிரி திருப்பினா, ஒரு கண்ணு இன்னொண்ணைவிட 4 செ.மீ.க்கு மேல பின்னாடி போயிடும். எஃப்/1.8-ல மொத்த ஆழமே 6 செ.மீ., அதுல பாதிதான் கிட்டத்துக் கண்ணுக்குப் பின்னாடி கிடைக்கும். மூணு செ.மீ.க்குள்ள அந்தக் கண்ணு எப்படி வரும்? எஃப்/2.8 வெச்சா கண்ணு ரெண்டும் வந்துடும். எஃப்/4 வெச்சா மூக்குத்தியும் காதுல தோடும் சேர்ந்து வரும். எங்க அப்பாயிக்குத் தோடு முக்கியம். அது அவங்க கல்யாணத்துத் தோடு.

மிரர்லெஸ் கேமரா கண்ணைத் தேடிப் பிடிக்கிறது பெரிய வசதிதான். ஆனா 6 செ.மீ. ஆழத்துல, படம் எடுக்கிறவரோ நிக்கிறவரோ லேசா ஆடினாலே ஃபோகஸ் போயிடும். வயசானவங்க சிலை மாதிரி நிக்க மாட்டாங்க. அதனால ஃபோகஸை தொடர் முறையில வையுங்க. சோனி, நிக்கான்ல ஏஎஃப்-சி, கேனான்ல சர்வோ. ஷட்டர் 1/250-க்குக் கீழ இறங்காம பார்த்துக்கோங்க.

இன்னொண்ணு: வியூஃபைண்டர்ல தெரியுறதை அப்படியே நம்பாதீங்க. சில கேமரா நீங்க வெச்ச எஃப் எண்ணுலயே காட்டும். சிலது முழுசா திறந்த நிலையிலேயே காட்டும், பிரிவியூவுக்குன்னு ஒரு பட்டனை ஒதுக்கி அமுக்கினாத்தான் உண்மை தெரியும். உங்க கேமரா எந்த ரகம்னு ஒரு தடவை பார்த்து வெச்சுக்கோங்க.

டெக்சஸ் வெயிலையும் மறந்துடாதீங்க. நடு மத்தியானம் ஐஎஸ்ஓ 100, எஃப்/1.8 வெச்சா ஷட்டர் 1/8000 பக்கம் போகும். பல கேமராவோட மெக்கானிக்கல் ஷட்டர் 1/4000-லேயே நின்னுடும், படம் வெளுத்துப் போகும். எலக்ட்ரானிக் ஷட்டரோ, என்டி ஃபில்டரோ வேணும். இல்லன்னா சும்மா எஃப்/4-க்குப் போங்க, இல்ல சாயங்காலம் வரைக்கும் காத்திருங்க.

4. சரி, எதை வாங்கலாம்?

இதுக்குத்தான் நிறைய பேர் மெசேஜ் அனுப்பியிருந்தீங்க. முதல்ல 50 எஃப்/1.8-ஐயும் 50 எஃப்/1.2-ஐயும் பக்கத்துல பக்கத்துல வைப்போம்.

- கேனான் ஆர்எஃப்: 160 கிராம், 950 கிராம்
- சோனி எஃப்இ: 186 கிராம், 778 கிராம்
- நிக்கான் இசட்: 415 கிராம், 1,090 கிராம்

கேனான் 1.8 வெளிவந்தப்போ சுமார் 200 டாலர், 1.2 சுமார் 2,300 டாலர். அந்தக் காசுக்கு என்ன கிடைக்குது? வெளிச்சம் ரெண்டே கால் மடங்கு அதிகம். விளக்கை அணைச்ச அரங்கத்துல அரங்கேற்றம் எடுக்கிறவங்களுக்கு அது நிஜமான லாபம். லென்ஸோட தரமும் மேல. ஆனா "பின்னணி இன்னும் மங்கணும்" மட்டும்தான் உங்க காரணம்னா, இதைப் படிங்க.

ரொம்ப தூரத்துல இருக்கிற விளக்கு, முகத்துக்குப் பக்கத்துல எவ்வளவு பெரிய வட்டமா விழும் தெரியுமா? சரியா லென்ஸ் ஓட்டையோட அளவுக்கு. 50 எஃப்/1.2-னா 42 மி.மீ. வட்டம். கேனான் ஆர்எஃப் 85 எஃப்/2-னா 42.5 மி.மீ.! அது 500 கிராம், வெளிவந்தப்போ சுமார் 600 டாலர். சோனி 85 எஃப்/1.8-க்கு 47 மி.மீ., 371 கிராம், அதுவும் சுமார் 600 டாலர். நிக்கான் இசட் 85 எஃப்/1.8-க்கும் அதே 47 மி.மீ., 470 கிராம். தீபாவளிக்கு வீட்டு முகப்புல தொங்குற சீரியல் லைட்டு உருண்டை உருண்டையா வரணும்னா, விலை அதிகமான 50-ஐவிட சாதாரண 85 போதும்.

அந்த உருண்டைகளோட அழகையும் பார்க்கணும். 'போகே'ங்கிற ஜப்பானியச் சொல் இதைத்தான் குறிக்குது: மங்கல் எவ்வளவுன்னு இல்ல, அது எப்படி இருக்குன்னு. ஆங்கிலப் புகைப்பட இதழ்கள்ல அது புழக்கத்துக்கு வந்தது 1997-ல. கடையில லென்ஸை மாட்டிப் பார்க்கும்போது மூணு இடத்தைப் பாருங்க. ஃபிரேம் ஓரத்துல வட்டம் பூனைக்கண்ணு மாதிரி நசுங்குதா? வட்டத்துக்குள்ள வெங்காயம் வெட்டின மாதிரி வளையம் தெரியுதா? மெல்லிய புல்லும் காம்பும் ரெட்டைக் கோடா வருதா? புளூபானெட் மாதிரி காம்பு நிறைஞ்ச இடத்துல இந்த மூணாவதுதான் கண்ணை உறுத்தும்.

என் ஆலோசனை இதுதான்:

- ஒரே ஒரு லென்ஸ்தான்னா, 50 எஃப்/1.8. ஆளும் இடமும் சேர்ந்து வரும், விலையும் கையைக் கடிக்காது.
- வீடு, கோவில், கல்யாண மண்டபம்னு இடத்தோட சேர்த்து ஆளை எடுக்கிறவங்களுக்கு 35 எஃப்/1.8.
- முகம் மட்டும் போதும், பின்னாடி கார் பார்க்கிங்தான் இருக்குன்னா 85.
- எஃப்/1.2-ஐ வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்க. தோள்பட்டை என்ன சொல்லுதுன்னும் கேளுங்க.

பழைய கிராப் சென்சார் கேமரா வெச்சிருக்கிறவங்க மனசு உடைய வேண்டாம். அதே 50 எஃப்/1.8-ஐ மாட்டி, 1.2 மீட்டருக்குப் பதிலா 1.8 மீட்டர் தள்ளி நின்னா முகம் அதே அளவுல வரும். கதவுல அழியும் அளவு 28 × (3 ÷ 1.8), சுமார் 4.6 செ.மீ. மேல பட்டியலைப் பாருங்க. ஃபுல் ஃபிரேம்ல எஃப்/2.8 வெச்ச மாதிரிதான். முகத்துக்கு நான் வைக்கச் சொன்னதும் அதைத்தானே!

5. ரெண்டாவது தடவை

கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, சாயங்காலம். நண்பன் கிட்ட இருந்து 50-ஐ வாங்கிட்டு வந்தேன். இந்தத் தடவை கேமராவைத் தொடறதுக்கு முன்னாடி அப்பாயி கிட்ட கேட்டேன்: "படத்துல என்னென்ன தெரியணும் அப்பாயி?"

"கதவு தெரியணும். தோரணம் தெரியணும். நான் போட்ட கோலம் தெரியணும். அந்த முருங்கைத் தொட்டியையும் சேர்த்துக்க, டெக்சஸ்ல முருங்கை இருக்குன்னா ஊர்ல எவளும் நம்ப மாட்டா."

இதை முதல் நாளே கேட்டிருக்கணும். பின்னாடி இருக்கிறது குப்பையா, கதையான்னு நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

அப்பாயியை 2 மீட்டர் தூரத்துல நிக்க வெச்சேன், கதவு 3 மீட்டர் பின்னாடி. எஃப்/4. ஓட்டை 50 ÷ 4 = 12.5 மி.மீ. அழியும் அளவு 12.5 × (3 ÷ 2), சுமார் 2 செ.மீ. அதாவது கதவுல இருக்கிற கீறலும் அழுக்கும் போயிடும், ஆனா கதவு கதவாவே இருக்கும். 10 செ.மீ. உயர வீட்டு எண்ணைப் படிக்கலாம். மாவிலை இலை இலையா தெரியும். கோலத்துக் கோடு கொஞ்சம் தடிச்சிருக்கும், ஆனா எட்டுப் புள்ளிக் கோலம்னு சொல்லிடலாம். தெளிவா இருக்கிற ஆழம் சுமார் 37 செ.மீ. அப்பாயி எப்படித் திரும்பினாலும் முகமும் தோடும் புடவைக் கொசுவமும் தெளிவு. அப்பவும் கதவைவிட அவங்கதான் முதல்ல கண்ணுல படறாங்க. மங்கல் அதோட வேலையைச் செஞ்சுது, எல்லை மீறாம.

படத்தைப் பார்த்துட்டு அப்பாயி பாராட்டெல்லாம் சொல்லல. "இது அந்த வீடுதான்"னாங்க. அவ்வளவுதான். இப்ப அது முசிறி வீட்டுல டிவிக்கு மேல மாட்டியிருக்கு. வர்றவங்க எல்லாருக்கும் முருங்கைத் தொட்டியைத்தான் முதல்ல காட்டறாங்களாம்.

வீட்டுப்பாடம்

இந்த வார இறுதியில வீட்டுல பெரியவங்க ஒருத்தரை வாசல்ல நிக்க வையுங்க. என்ன தெரியணும்னு அவங்க கிட்டயே கேளுங்க. அதுல ரொம்பச் சின்ன விவரம் எது, எத்தனை செ.மீ.ன்னு பாருங்க. அந்த அளவுல கால் பங்கைவிடக் குறைவா அழியும் அளவு வர்ற மாதிரி எஃப் எண்ணைக் கண்டுபிடிங்க. அதுல ஒரு படம், லென்ஸை முழுசா திறந்து ஒரு படம். ரெண்டையும் அவங்க முன்னாடி வெச்சு, "எது வேணும்?"னு கேளுங்க.

அவங்க எதை எடுத்தாங்கன்னு இந்த மடலுக்குப் பதில் போடுங்க. மங்கலான படத்தையே எடுத்தாங்கன்னாலும் எழுதுங்க. அதுக்கும் ஒரு காரணம் இருக்கும், அடுத்த எபிசோட்ல சேர்ந்து பேசுவோம்.

வரட்டுமா!